மழைக்காகக் காத்திருந்த அறிக்கை

2005 ஜூலை 18, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஐந்து டப்பா தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய், இரண்டு பிளாஸ்க் காபி. ஏழு மணிக்குக் கிண்டியில் வாடகை வேன் வந்தது. பூந்தமல்லி தாண்டியதும் வழக்கம்போல் லாரிகளின் பின்னால் மெதுவான ஊர்வலம். ஸ்ரீபெரும்புதூர் முனையில் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு டீ, அவரவர் காசில். அங்கிருந்து ஒரகடம் சாலையில் திரும்பி, புதுமேடு போய்ச் சேர்ந்தோம். அன்றைய டைரியில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "புதுமேடு, முதல் பயணம். கோயில் சுவரில் ஆணி வைத்தோம். தண்ணீர் விவகாரம். தலைவர் குடித்தார்."

தேசிய அறிவியல் கழகம் ஒன்றின் சென்னை அலுவலகத்தில் ஆய்வுக் குழுக்களின் செயலராக வேலை பார்த்தேன். விருப்ப ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் புதிதாகச் சேர்ந்த அலுவலர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் எழுந்து, "மேடம், நம்ம கழகம் விருது குடுக்குது, சால்வை போடுது. அதைத் தவிர என்ன செய்யுதுன்னு எங்க வீட்டுல கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சால்வை போடுவது உண்மைதான். சால்வைகளை எண்ணி வாங்கி வந்தவளே நான்தான்.

அவளுக்கு நான் சொன்ன பதில் புதுமேட்டுக் கதை. அதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தேன். பல ஆண்டுகள் விஞ்ஞானிகள் பேசுவதைக் குறிப்பெடுத்து, தட்டச்சு செய்து, பிழை திருத்தினேன். அதிலேயே வேலையைக் கற்றுக்கொண்டேன். அரசாங்கம் ஒரு முடிவெடுக்க வேண்டும். ஒரு தரப்பு தன் பொறியாளரைக் கூட்டி வருகிறது, மறு தரப்பு தன் பொறியாளரைக் கூட்டி வருகிறது. யாரை நம்புவது என்று தெரியவில்லை. அப்போது கழகத்துக்குக் கடிதம் வரும். அந்த விஷயத்தில் லாபமோ நட்டமோ இல்லாத ஐந்தாறு பேரை நாங்கள் தேடிப் பிடிப்போம். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எது தெரியும், எது தெரியாது, தெரிந்தது எவ்வளவு உறுதி என்று எழுதிக் கொடுப்பார்கள். முடிவு அரசாங்கத்துடையது. இதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும்.

வல்லம் பக்கம், கிளைச் சாலையில் உள்ள சின்ன ஊர் புதுமேடு. கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். ஊர் நடுவே பழைய மாதா கோயில். சாலைக்கு அந்தப் பக்கம், முன்பு நெல் விளைந்த இடத்தில், கார்க் கதவும் கூரையும் தகட்டிலிருந்து அடித்தெடுக்கும் தொழிற்சாலை வந்தது. பெரிய பெரிய பிரஸ் இயந்திரங்கள். அவை ஓடத் தொடங்கிய மறு வருடம் கோயிலின் தெற்குச் சுவரில் விரிசல் விட்டது. ஒன்று இரண்டாகி, ஐந்தாயிற்று. ஒரு விரிசலில் கைவிரலை நுழைக்கலாம். கோட்டாட்சியர் வந்து பார்த்தார். கூரை விழுந்து யாராவது செத்தால் யார் பதில் சொல்வது என்று கோயிலைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்.

பிரஸ்தான் காரணம் என்றது ஊர். கட்டடம் பழசு, இடித்துவிட வேண்டியதுதான் என்றது கம்பெனி. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று அரசாங்கத்திடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது.

குழுத் தலைவர் டாக்டர் நீலாயதாட்சி. மண் இயற்பியல் படித்தவர். நாகப்பட்டினத்துக்காரர். குள்ளமாக, கைத்தறிப் புடவையில், வெயில் இல்லாத நாளிலும் குடையோடு வருவார். நாங்கள் நீலா மேடம் என்போம். கூட்டத்தில் கடைசியாகத்தான் பேசுவார். யாராவது "இது வெளிப்படை" என்று தொடங்கினால், "யாருக்கு?" என்று கேட்பார். அதற்குமேல் அந்த வாக்கியம் வளராது. இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. குழுவில் யாரும் தன் கருத்தைச் சொல்லும் முன், எதிர்க் கருத்துக்காக அரை மணி நேரம் வாதாடிக் காட்ட வேண்டும். நன்றாக வாதாடாதவருக்குத் தன் கருத்தைச் சொல்ல முறை வராது.

எந்தக் குழுவிலும் முதல் கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். யாருக்கு யாரோடு என்ன ஒட்டு உறவு என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் தன் மாமனார் கத்தோலிக்கர் என்றார். அது பரவாயில்லை என்று முடிவாயிற்று. அடுத்தவர், உலோகவியல் பேராசிரியர், தலையைச் சொறிந்தார்.

"ஒரகடத்துல ரெண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கேன்."

"எப்போ?" என்றார் நீலா மேடம்.

"போன வருஷம். எல்லாரும் வாங்கினாங்க, நானும் வாங்கினேன்."

"கம்பெனி வளர்ந்தா விலை ஏறுமா?"

"ஏறும்."

"மூடினா?"

"எறங்கும்."

"காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க சார். வந்தப்போ இருந்ததைவிட இப்போ உங்க மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "விலை ஏறினா மைசூர்பா அனுப்புறேன் மேடம்."

"அதையும் வாங்க முடியாது."

ஆக, குழுவில் ஐந்து பேர் நான்கு பேர் ஆனார்கள், செயலர் என்னையும் சேர்த்து ஐந்து. அதனால்தான் ஐந்து டப்பா தயிர் சாதம். இரு தரப்பிடமும் சாப்பாடு, டீ, பரிசு எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. அன்று காலை முதலில் கம்பெனிக்குப் போனோம். மேலாளர் பிரியாணிக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் வேறு, வண்ணத்தாளில் சுற்றியது. மன்னிக்கச் சொல்லி வெளியே வந்து, புளியமரத்தடியில் வேனுக்குள் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டோம். பேராசிரியர் ஜோதிலிங்கம் கட்டடப் பொறியாளர், நல்ல சாப்பாட்டுப் பிரியர். பிரியாணி வாசனை வேன் வரை வந்தது. "அறிவியலுக்காக மனுஷன் எவ்வளவு தியாகம் செய்ய வேண்டியிருக்கு" என்றார்.

பிறகு ஊருக்குள் போனோம். உபதேசியார் சவரிமுத்து எங்களை வீட்டுக்கு அழைத்தார். பாதிரியார் வராத நாளில் செபம் சொல்வதும், மணி அடிப்பதும், கோயிலைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அவருடைய மனைவி லூர்துமேரி டீயும் அச்சு முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். ஜோதிலிங்கம் கையை நீட்டப் போனார். நான் அவசரமாக, "வேண்டாம்மா, நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது" என்றேன்.

லூர்துமேரியின் முகம் மாறியது. "தண்ணியாவது?"

"அதுவும் வேண்டாம்மா, கொண்டு வந்திருக்கோம்."

அந்த ஊரில், வந்தவர்கள் தண்ணீர் வேண்டாம் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். பல தலைமுறையாக அதே பொருள். அது எனக்கு உறைப்பதற்குள் லூர்துமேரி தட்டை எடுத்துவிட்டார்.

"படிச்சவங்க வந்துகினு கீறாங்கன்னு சொன்னியே," என்றார் கணவரிடம். "இவங்களும் அதே ஆளுங்கதானா? எங்க வூட்டு சொம்பு இன்னா பாவம் பண்ணிச்சு?"

நீலா மேடம் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார். "டீ வேணாம், பலகாரம் வேணாம். கம்பெனிக்காரங்க பிரியாணி போட்டாங்க, அதையும் தொடல. அது எங்க விதி. ஆனா தண்ணி விருந்து இல்ல. குடும்மா."

லூர்துமேரி தம்ளரை நீட்டினார். மேடம் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து, மெதுவாக, முழுத் தம்ளரும் குடித்தார். தம்ளரை அவரிடமே திருப்பிக் கொடுத்து, "இன்னொண்ணு" என்றார். பிறகு நாங்கள் எல்லோரும் அதே சொம்பிலிருந்து வாய் வைத்துக் குடித்தோம். வேனில் திரும்பும்போது மேடம், "விதியில ஒரு வரி சேர்த்துக்கோ வசந்தி. தண்ணீர் விருந்து அல்ல" என்றார். அந்த வரி பிற்பாடு எல்லாக் குழுக்களுக்கும் பொது விதியாயிற்று. கழகத்துக்கு நான் தட்டச்சு செய்த வரிகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அன்று அந்த வீட்டில் நாங்கள் விடைபெற்றபோது வாசலில் சவரிமுத்துவின் மகள் ஸ்டெல்லா நின்றிருந்தாள். நீல நிறக் கம்பெனிச் சட்டை. அதே பிரஸ் பட்டறையில் அடித்து வரும் கதவுகளில் கீறல், பள்ளம் பார்ப்பது அவள் வேலை. இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டா? கோயில இடிச்சா எங்கப்பாவுக்குச் சோறு எறங்காது. கம்பெனிய மூடினா எங்க வூட்ல சோறே கெடையாது. பாத்து எழுதுங்க."

"சீ, போ வேலைக்கு," என்றார் சவரிமுத்து. ஆனால் அவள் சொன்னதை மறுக்கவில்லை. பஸ் வந்தது, அவள் ஓடினாள். அந்த ஊரில் பாதி வீடுகளில் நிலைமை அதுதான். நாங்கள் இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் ஒருவர் தோற்பார்.

வேலை இரண்டு விதமாக நடந்தது. ஒவ்வொரு விரிசலின் இருபக்கமும் ஒரு பித்தளை ஆணி பதித்திருந்தோம். வாரம் ஒருமுறை இரண்டு ஆணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்போம். அளப்பவர் ஒருவர், எழுதுபவர் நான். எழுதியதை நான் உரக்கப் படிப்பேன். ஊர் சார்பில் சவரிமுத்துவும் கம்பெனி சார்பில் ஷிப்ட் என்ஜினியர் முத்துராஜும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். முத்துராஜ் திருநெல்வேலிப் பையன்; சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு ஒரு அறையில் வாடகைக்கு இருந்தான். முதல் இரண்டு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரம் முத்துராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டே, "என்ன உபதேசியாரே, உங்க மாதா எங்க மேல ரொம்பக் கோவமா இருக்காவளோ?" என்றான்.

"மாதா கோவப்பட மாட்டாங்க தம்பி. நான்தான் கோவமா கீறேன்."

"அப்பம் சரி. உங்களைச் சமாளிச்சிரலாம்."

இன்னொரு வேலை அதிர்வைப் பதிவு செய்வது. கோயில் முகப்பில், கம்பி வலைப் பெட்டிக்குள், ஒரு அதிர்வுமானியை வைத்தோம். தரை எப்போது, எவ்வளவு ஆடினாலும் அது குறித்துக்கொள்ளும். "பச்சை விளக்கு எரியுதான்னு தினமும் ஒரு தடவை பாருங்க, அது போதும்" என்று சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் நடுவில் பதிவுகளை எடுத்து வந்து சென்னையில் பார்த்தோம். நாள் முழுக்கச் சிறு சிறு அதிர்வுகள். அவை பிரஸ் அடிப்பதால் வருபவை. ஆனால் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்று பெரிய அதிர்வுகள், மற்றவற்றைவிட பல மடங்கு. ஜோதிலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பிடிச்சாச்சு! பன்னிரண்டு மணிக்குக் கம்பெனியில ஏதோ பெரிசா நடக்குது. அச்சை மாத்துறாங்களோ என்னவோ. கோயிலை ஆட்டுறது அதுதான்." பிரஸ்தான் காரணம் என்று ஆரம்பத்திலிருந்தே நம்பியவர் அவர்.

முத்துராஜைக் கேட்டோம். "பன்னெண்டு மணிக்கா? அது சாப்பாட்டு நேரம்லா. லைனே நிக்கும். ஒரு பிரஸ்ஸும் ஓடாது மேடம்."

"மறைக்கிறாங்க, இது வெளிப்படை" என்றார் ஜோதிலிங்கம்.

"யாருக்கு வெளிப்படை?" என்றார் நீலா மேடம். "போய்ப் பார்த்துடலாம்."

மறுநாள் பன்னிரண்டுக்குச் சற்று முன்பே போய்க் கோயில் எதிரே வேனுக்குள் உட்கார்ந்துகொண்டோம். முத்துராஜும் எங்களோடு இருந்தான். சவரிமுத்து வந்தார். முற்றத்துக் கம்பத்தில் தொங்கும் மணியை அடித்தார். சிலுவை போட்டுக்கொண்டு உச்சிவேளைச் செபத்தைச் சொல்லி முடித்தார். பிறகு முகப்புக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கம்பிப் பெட்டி முன்னால் நின்று, இரண்டு காலும் சேர்த்து ஒரு குதி குதித்தார். குனிந்து விளக்கைப் பார்த்தார். மறுபடி குதித்தார். மூன்றாவது தடவை கொஞ்சம் உயரமாகவே.

வேனுக்குள் முதலில் சிரிக்கத் தொடங்கியது முத்துராஜ். ஜோதிலிங்கம் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"உபதேசியாரே! என்ன பண்றீங்க?"

"மிஷினு வேல செய்யுதான்னு பாக்கறேன் சார். குதிச்சா வெளக்கு கண்ணடிக்கும். தெனமும் பாத்துடுவேன், ஒரு நாள் கூட வுட்டதில்ல."

"பச்சை விளக்கு எரியுதான்னு மட்டும்தானே பார்க்கச் சொன்னோம்?"

"எரியறது வேற, வேல செய்யறது வேற இல்ல சார்? எங்க வூட்ல டி.வி. கூடதான் வெளக்கு எரியும்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. லூர்துமேரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், இந்தாளு நடந்தா வூட்ல தட்டுமுட்டு சாமான்லாம் ஆடும்னு. கோயில இடிச்சது கம்பெனி இல்ல, எங்க வூட்டுக்காரருதான், எழுதிக்கோங்க!" என்றார்.

ஜோதிலிங்கம்தான் முதலில் சிரிப்பை நிறுத்தியவர். அவர் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. முத்துராஜைக் கூப்பிட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லாப் பிரஸ்ஸையும் முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். பிறகு சவரிமுத்துவைக் குதிக்கச் சொன்னார். பிரஸ் ஓட, இவர் குதிக்க, பிரஸ் ஓட, இவர் குதிக்க, ஊரே கைதட்டிக்கொண்டு எண்ணியது. சவரிமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. "இன்னும் எவ்ளோ சார் குதிக்கணும்? ஞானஸ்நானம் வாங்கினதுலேர்ந்து நான் இவ்ளோ குதிச்சதில்ல."

அன்று மாலையே பேராசிரியர், பிரஸ்தான் காரணம் என்று எழுதத் தொடங்கியிருந்த தன் வரைவைக் கிழித்தார். கோயில் தரையை, சாலைக்கு அந்தப் பக்கம் ஓடும் பிரஸ் எல்லாம் சேர்ந்து ஆட்டுவதைவிட, உபதேசியார் ஒருவர் குதிப்பது அதிகமாக ஆட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே முழங்கால் போட்டு எழுந்த கோயில் அது. அந்தப் பலத்துக்கு விழாத சுவர், இதற்கு விரிசல் விடாது. தன் கட்சிக்கு எதிராகத் தானே இப்படி எழுதிக் கொடுத்தார். நல்ல கையெழுத்தில், உற்சாகமாக.

அப்படியானால் காரணம் என்ன? நீலா மேடம் தெற்குச் சுவரின் ஓரம் ஆள் உயரக் குழி ஒன்று தோண்டச் சொன்னார். ஏரிப் பக்கத்துக் களிமண். காய்ந்து, கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. வடக்குச் சுவரோரம் தோண்டியபோது மண் ஈரமாக உருண்டையாய் வந்தது. தொழிற்பேட்டைக்காகச் சாலையை உயர்த்தியபோது, தெற்குப் பக்கம் ஏரித் தண்ணீர் வரும் வாய்க்கால் மண்ணில் மூடிப்போயிருந்தது. அதோடு இரண்டு மூன்று வருடம் சரியான மழையும் இல்லை. களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோயிலின் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிக் கீழே இறங்கியது. பிரஸ் வந்ததும் வறட்சி வந்ததும் ஒரே காலம். ஊர் கண்ணுக்குத் தெரிந்தது பிரஸ்.

எல்லாம் பொருந்தியது. அறிக்கையை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நீலா மேடம் ஒப்பவில்லை. "இது கதை. நல்ல கதை. களிமண்தான் காரணம்னா, மழை பெய்து அந்தப் பக்கம் நனைஞ்சா விரிசல் சுருங்கணும். பிரஸ் ஓடிக்கிட்டே இருக்கும்போது சுருங்கணும். சுருங்கலைன்னா என் கதை பொய். மழை வரட்டும்."

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கடிதம் அனுப்பிய அரசுத் துறையிலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் வந்தார். மேடத்தின் பக்கத்தில் நான் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பேசியது எனக்கே கேட்டது.

"ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தை போதும் மேடம். முதலீட்டாளர்கள் காத்துக்கிட்டிருக்காங்க."

"ரெண்டு வார்த்தை இருக்கு. எழுதிக்கோங்க. இன்னும் தெரியல."

"இதை நான் மேல எப்படிச் சொல்றது?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க. தெரியாததைத் தெரியும்னு சொல்ல உங்களுக்கு நிறைய ஆளுங்க கிடைப்பாங்க. அதுக்கு எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை."

அதைவிடக் கடினமாக இருந்தது சவரிமுத்துவிடம் சொல்வது. செப்டம்பரில் மாதா திருவிழா. அதற்குள் கோயில் திறந்துவிடும் என்று காத்திருந்தார். மேடம் அவர் வீட்டுக்கே போய், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். சவரிமுத்து கேட்டார்:

"மழ வரலன்னா?"

"காரணம் தெரியலன்னு எழுதுவேன்."

"அப்போ கோயிலு?"

"அதை அரசாங்கம் முடிவு பண்ணும். என்னால பொய் சொல்லித் திறக்க முடியாதுங்க."

"பொய் சொல்லித் தொறந்தா மாதா உள்ள இருக்க மாட்டாங்க மேடம்," என்றார் அவர். திருவிழாவைப் பூட்டிய கோயிலின் முன்னால், பந்தல் போட்டு, வெளியிலேயே நடத்தினார்கள். இரண்டாம் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு ஸ்டெல்லாவும் அவள் தோழிகளும் தேரின் முன்னால் கும்மியடித்தார்கள். முத்துராஜ் தேருக்குத் தோள் கொடுத்தான். சாட்சிக்காரர்கள் தேர் தூக்கலாமா என்று எங்கள் விதியில் எதுவும் இல்லை.

அக்டோபரில் மழை வந்தது. நவம்பரில் அது மழையாக இல்லை. ஏரி நிரம்பி வழிந்தது. உயர்த்திய சாலையை மீறித் தண்ணீர் வந்து கோயிலைச் சுற்றி நின்றது. முழங்கால் தண்ணீரில், ஒருவர் குடை பிடிக்க ஒருவர் அளக்க, நான் பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டு எழுதினேன். ஒரு வாரம் பார்த்ததைவிட அடுத்த வாரம் தூரம் குறைந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது.

"மேடம்! சுவரு வாய மூடிக்கினு வருது!" என்று சவரிமுத்து தண்ணீரில் நின்று கூவினார்.

"எங்க பிரஸ் ராவும் பகலும் ஓடுது, ஒரு நாள்கூட நிக்கல," என்றான் முத்துராஜ். "விரிசல் என்னடான்னா சுருங்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"இன்னும் நாலு வாரம்," என்றார் நீலா மேடம். ஆனால் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அறிக்கையை மூன்று நாள் உட்கார்ந்து எழுதினோம். ஒவ்வொரு வரியையும் நான் உரக்கப் படிக்க வேண்டும். நான்கு பேரும் ஒப்பினால்தான் அடுத்த வரி. "பிரஸ் காரணம் அல்ல" என்ற வரியில் ஒரு முழு மதியம் போயிற்று. தளர்ந்த சுண்ணாம்புப் பூச்சு சில இடங்களில் உதிர்ந்ததற்குப் பிரஸ் அதிர்வு சிறிது துணை செய்திருக்கலாம், அதை மறுக்க ஆதாரமில்லை என்றார் ஜோதிலிங்கம். அந்த வரியும் சேர்ந்தது. கம்பெனி மேலாளர் எப்படியோ கேள்விப்பட்டு, அதை எடுத்துவிடக் கூடாதா என்று கேட்டார். மேடம் எடுக்கவில்லை. கம்பெனி தானாகவே பூச்சு வேலையைச் செய்து கொடுக்க முன்வந்தது.

அரசாங்கத்திடம் கொடுத்த பிறகு, அறிக்கையின் தமிழ் வடிவத்தை ஊரிலேயே படித்துக் காட்ட வேண்டும் என்பதும் மேடத்தின் பிடிவாதம். மார்ச் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், கோயில் முற்றத்தில். ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், நீலச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் கோட்டாட்சியர். நான்தான் படித்தேன். கோயிலைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். தெற்குச் சுவரை இரும்புக் கம்பியால் கட்ட வேண்டும். சாலைக்கு அடியில் குழாய் போட்டு வாய்க்காலைத் திறக்க வேண்டும். பிரஸ்ஸை நிறுத்தத் தேவையில்லை. வாய்க்கால் திறக்கும் வரை, மண் காயத் தொடங்கும் மார்ச் முதல், தெற்குச் சுவரோரம் முழு நீளத்துக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் விட வேண்டும்.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "கம்பெனிக்காரன் எவ்ளோ குடுத்தான் உங்களுக்கு?"

நான் படிப்பதை நிறுத்தினேன். மேடம் எழுவதற்குள் லூர்துமேரி எழுந்துவிட்டார்.

"ஏய், யார்ரா அவன்? என் வூட்டு டீயக் கூட தொடாதவங்கடா இவங்க. எட்டு மாசமா தயிர் சாதத்த துன்னுகினு வேன்ல குந்திகினு கெடந்தாங்க. அவன் பிரியாணிக்கு வெலபோவாங்களா? ஒக்காரு!"

அவர் உட்கார்ந்தார். வேறு கேள்வி வரவில்லை. ஸ்டெல்லா கூட்டத்தின் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்தாள். அப்படியே பஸ் ஏறி இரவு ஷிப்டுக்குப் போனாள். கோட்டாட்சியர் பையிலிருந்து சாவியை எடுத்துச் சவரிமுத்துவின் கையில் வைத்தார். பூட்டு துருப்பிடித்திருந்ததால் முத்துராஜ் எண்ணெய் விட்டுத் திறந்தான். உள்ளே வௌவால் வாடை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று அங்கே பாடிய பாட்டு ஒரகடம் வரை கேட்டிருக்கும்.

சுவரிலிருந்த ஆணிகளையும் அதிர்வுமானியையும் எடுத்துவர மறுநாளும் போக வேண்டியிருந்ததால், நானும் மேடமும் சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். கழகத்தின் பரிந்துரை ஒன்று கோப்பிலிருந்து வெளியே வந்து நடைமுறைக்கு வர, நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் நான்கைந்து வருடம் ஆகும். என் பணிக்காலத்துப் பரிந்துரைகளில் பல இன்னும் வரவேயில்லை.

விடியும் நேரத்தில் புதுமேடு போனோம். முதலில் பூசை நடக்கும், மணி அடிக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். கோயில் கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. எல்லோரும் தெற்குச் சுவரின் ஓரம் நின்றிருந்தார்கள். அடிகுழாயிலிருந்து கடைசிச் சன்னல் வரை பெண்கள் வரிசையாக நின்று, குடம் கை மாறி வந்துகொண்டிருந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஸ்டெல்லா, சட்டையைக் கூட மாற்றாமல் அம்மாவின் கையிலிருந்த குடத்தை வாங்கினாள்.

சவரிமுத்து எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "மேடம், நல்ல நேரத்துக்கு வந்தீங்க. சுவத்த ஒட்டி ஊத்தணுமா, தள்ளி ஊத்தணுமா? நேத்து படிச்சதுல அது சரியா காதுல வுழல."

"ஓரடி தள்ளி," என்றார் நீலா மேடம்.

"ஓரடி தள்ளியாம்!" என்று அவர் வரிசை நெடுக உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். மேடம் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, வரிசையில் ஓரிடத்தில் நின்றார். நான் டைரியைத் திறந்து அன்றைய தேதியைப் போட்டு முதல் வரியை எழுதினேன்: "காலை ஆறு மணி. கடைசிப் பரிந்துரை நடைமுறைக்கு வந்தது."